பழைய பைக்கைப் பிரித்துக் கட்டப் போகிறீர்களா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இன்ஜினைப் பிரிப்பதும் பூட்டுவதும் நிதானமுள்ள எவருக்கும் கைவரும். எந்த வேலையை எதற்கு முன்னால் செய்வது என்பதில்தான் சிக்கல். வரிசை தவறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகும். சில சமயம் வண்டியே சாலைக்கு வராமல் போகும். எங்கள் வீட்டு ஹீரோ ஹோண்டா சிடி 100ஐப் பிரித்துக் கட்டியபோது இந்த வரிசையைச் சொல்ல ஆள் கிடைக்காமல் பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டியை முன்வைத்துச் சொல்கிறேன். முதல்முறை கை வைப்பவருக்கு அதுதான் ஏற்றது. சிடி 100, ஸ்பிளெண்டர் வகை இன்ஜின்களுக்கு எந்தச் சிற்றூர்க் கடையிலும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. ஆர்எக்ஸ் 100, புல்லட் வைத்திருப்பவர்களுக்கு வேண்டியதை அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

1. ஸ்பேனருக்கு முன் ஆர்.சி. புத்தகம்

தனிநபர் பெயரில் உள்ள இருசக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். "15 வருடமானால் உடைத்துவிடுவார்கள்" என்று பலர் பயமுறுத்துவார்கள். அந்த விதி அரசுத் துறை வாகனங்களுக்கானது. டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாடு வேறு. நம் ஊரில் வண்டி சோதனையில் தேறினால் புதுப்பித்துத் தருவார்கள்.

பிரிப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சேசிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டிலுக்குக் கீழே சேசிஸின் கழுத்தில் இருக்கும். இன்ஜின் எண் கிராங்க்கேஸில் இருக்கும். அழுக்கை டீசலில் துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளைத்தாளை வைத்து பென்சிலைப் படுக்கவாட்டில் தேயுங்கள். எண் தாளில் எழும்பி வரும். ஆய்வாளரும் பின்னால் இதையேதான் செய்யப் போகிறார். அந்தத் தாளைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

பழைய புத்தக வடிவ ஆர்.சி. என்றால், வண்டி எண் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் இணையதளத்தில் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். கணினிமயமாவதற்கு முந்தைய பதிவுகள் பல இன்னும் ஏறவில்லை. ஏறாதவரை புதுப்பித்தல், பெயர் மாற்றம் எதற்கும் விண்ணப்பம் போட முடியாது. பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அசல் புத்தகத்தைக் காட்டி ஏற்றச் சொல்ல வேண்டும். பழைய பேரேட்டைத் தேடி எடுக்க நாளாகும் என்பதால் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி யார் பெயரில் இருக்கிறது? விற்றவர் உயிரோடு இருந்தால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்பா, தாத்தா பெயரில் இருந்து அவர்கள் காலமாகியிருந்தால் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்திலிருந்து வர வேண்டியது, இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். ஆர்.சி. தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் ஆவணம் காணாமல் போனதற்கான அறிக்கையைப் பதிவு செய்து, படிவம் 26 மூலம் நகல் கேட்கலாம்.

கடன் பதிவு ஆர்.சி.யில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1990களில் தவணையில் வாங்கி, கட்டி முடித்தும் நீக்காமல் விட்ட வண்டிகள் ஏராளம். கடன் கொடுத்த நிதி நிறுவனம் இப்போது மூடப்பட்டிருந்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள். அந்தக் கதவைத் தட்டித் திறக்க உங்களால் முடியாது.

கட்டணம்: மத்திய அரசு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விதிப்படி 20 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 2,000 ரூபாய், அதற்குட்பட்டதற்கு 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. பதிவு காலாவதியான பிறகு தாமதிக்கும் மாதங்களுக்குக் கூடுதல் கட்டணமும் விதியில் உண்டு. ஆகவே "என் வண்டிக்கு மொத்தம் எவ்வளவு வரும்?" என்று எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐயாயிரத்துக்கு வாங்கும் வண்டிக்கு அதைவிட அதிகமாக அரசுக்குக் கட்ட வேண்டியிருந்தால், அது வாங்குவதற்கு முன் தெரிய வேண்டிய கணக்கு.

2. வண்டி எல்லையைத் தாண்டியதா?

இது நம் பகுதிக்கே உரிய சிக்கல். கன்னியகோயிலைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. பி.ஒய். 01 வண்டியைக் கடலூரில் மலிவாக விற்கிறார்கள், டி.என். 31 வண்டி அரியாங்குப்பத்து வீட்டு வாசலில் பல வருடமாக நிற்கிறது. தினமும் போய் வருகிற ஊர் என்பதால் யாருக்கும் இது வேறு மாநில வண்டியாகத் தோன்றுவதே இல்லை. சட்டத்துக்கு அப்படியில்லை. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். அதோடு புது மாநிலத்தின் சாலை வரியையும் கட்ட வேண்டும்.

இதில் விழும் பொறி இதுதான்: பதிவு காலாவதியான வண்டிக்குத் தடையில்லாச் சான்று எளிதில் கிடைக்காது. ஆகவே வண்டி எந்தப் பக்கத்துப் பதிவோ, அந்தப் பக்கத்திலேயே முதலில் பதிவைப் புதுப்பித்து, பிறகு சான்று வாங்கி மாற்றுவதுதான் வழி. அதற்கு வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். முதல்முறை செய்பவர்கள் தம் ஊர்ப் பதிவு வண்டியையே தேர்ந்தெடுங்கள். அலைச்சலில் பாதி குறையும்.

3. தண்ணீரில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடியுங்கள்

கடலூரில் 2015 வெள்ளம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்த நாட்கள். நாட்கணக்கில் நீரில் நின்ற வண்டிகள் மேலே பாலிஷ் போட்டுக்கொண்டு விற்பனைக்கு நிற்கின்றன. வாங்குவதற்கு முன் ஹெட்லைட்டைக் கழற்றிக் கிண்ணத்தின் உட்புறம் பாருங்கள். மெல்லிய வண்டல் கோடு ஒன்று தெரிந்தால் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் பனித்திருப்பதும் அடையாளம். இன்ஜின் ஆயில் அளவுக்குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் கிராங்க் பேரிங், கியர் பல்சக்கரம் வரை துரு ஏறியிருக்கும். செலவு இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

கடற்கரையோர வீடுகளில் நின்ற வண்டி என்றால் சேசிஸின் அடிக்குழாயையும், பின்சக்கரம் தாங்கும் ஃபோர்க்கின் உட்பக்கத்தையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உப்புக்காற்று தின்ற இடம் குத்தினால் உள்ளே போகும். சேசிஸ் ஓட்டையான வண்டியை நட்டமே இல்லாமல் விட்டுவிடலாம்.

4. எப்போது தொடங்குவது, எங்கே பிரிப்பது

பொங்கல் முடிந்து தொடங்குங்கள். பெயின்ட், பவுடர் கோட்டிங் வேலைகள் மாசி முதல் ஆனிக்குள் முடிந்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் அடித்தால் காற்றின் ஈரத்தில் மேற்பரப்பு பால் படிந்தாற்போல் மங்கிவிடும். துருவெடுத்த வெறும் இரும்பை நம் ஊர்க் கடற்காற்றில் ஒரே இரவு விட்டால் மறுநாள் காலையில் செம்மண் பூசியது போல நிற்கும். ஆகவே துருவெடுத்த அன்றே பிரைமர் ஏற வேண்டும்.

வார இறுதிகளில் மட்டும் உழைத்தால் மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். லேத் பட்டறை, பெயின்ட் கடைக்காகக் காத்திருக்கும் நாட்களே அதில் அதிகம்.

இடத்துக்குப் பெரிய கூடம் தேவையில்லை. மழை படாத, பூட்டி வைக்கக்கூடிய பத்துக்கு எட்டடி இடம் போதும். சமையலறைக்கும் பூஜை விளக்குக்கும் எட்டத்தில் இருக்க வேண்டும். டேங்கையும் கார்புரேட்டரையும் திறந்த வெளியில் மட்டுமே காலி செய்யுங்கள். பாகம் கழுவ டீசல் போதும். பெட்ரோலில் கழுவும் பட்டறைப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

5. கருவிகள்

8, 10, 12, 14, 17, 19 ரிங் ஸ்பேனர்களும் டி ஸ்பேனர்களும், நுண் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மேக்னட்டை இழுத்துக் கழற்றும் புல்லர், கிளட்ச் பக்கத்து நான்கு பள்ள நட்டுக்கான ஸ்பேனர், சர்கிளிப் இடுக்கி, சுத்தியலால் அடித்துத் திருகும் இம்பாக்ட் டிரைவர். கடைசியில் சொன்னதை வாங்காமல் தொடங்காதீர்கள். ஜப்பானிய வடிவமைப்பு இன்ஜின்களின் பக்கவாட்டு மூடியில் உள்ள ஸ்க்ரூத் தலைகள் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவருக்குப் பொருந்துவதுபோலத் தோன்றும். திருகினால் பள்ளம் வழுக்கித் தேய்ந்துவிடும். தேய்ந்த பிறகு துளைபோட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை. புல்லருக்கும் இதே கண்டிப்பு: மேக்னட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். கிராங்க் முனையின் மரை நசுங்கும், கிராங்க்கே வளையும்.

6. பிரிக்கும் முறை

வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே இறுக்கமான பெரிய நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். முன் ஸ்பிராக்கெட், கிளட்ச் நட்டு, மேக்னட் நட்டு, இரு சக்கர அச்சு நட்டுகள், ஹேண்டில் கழுத்து நட்டு. இன்ஜினைத் தரையில் இறக்கிய பிறகு இவற்றை அசைக்க இரண்டு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு புகைப்படம், கழற்றிய பின் ஒரு புகைப்படம். வயர் எந்த வழியாகப் போகிறது, எந்தக் கேபிள் எதற்கு உட்பக்கம் வளைகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். மூன்று மாதம் கழித்துத்தான் பூட்டப் போகிறீர்கள்.

போல்ட்டுகளை ஒரே டப்பாவில் போடுவதைப் போன்ற கேடு வேறில்லை. கிராங்க்கேஸ் மூடியின் ஸ்க்ரூக்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நீளம் மட்டும் வேறு. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே இடத்தில் அட்டையைக் குத்திச் செருகி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினிய மூடி வெடிக்கும். மற்றவற்றைச் சிறு பிளாஸ்டிக் பைகளில் போட்டு, தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். மேலே மார்க்கரால் எழுதினால் டீசல் பட்டதும் அழிந்துவிடும்.

பிரேக் டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடையுங்கள்.

வயரிங்கை வெட்டி எடுக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். இணைப்பிகளைக் கழற்றி முழுக் கொத்தாக எடுங்கள். புது வயரிங் செட் வாங்கினாலும் பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டிவரும்.

7. இன்ஜின்: எதுவரை உங்கள் கை, எங்கே லேத்

மேற்பகுதியை நீங்களே செய்யலாம்: ஹெட், பிளாக், பிஸ்டன், வால்வு, கிளட்ச். கிராங்க்கேஸைப் பிளந்து கிராங்க், கியர் பெட்டி வரை போவதை முதல் வண்டியில் தவிர்த்துவிடுங்கள். பிளாக்கைக் கழற்றியதும் கனெக்டிங் ராடை இரு கையால் பிடித்து நேர் மேலே இழுத்துக் கீழே தள்ளிப் பாருங்கள். சற்றும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலும் கீழும் ஆடினால் இன்ஜினை அப்படியே லேத் பட்டறைக்குக் கொடுத்து ராடு கிட் மாற்றச் சொல்லுங்கள். கிராங்கை அழுத்தி நேர்பார்க்கும் கருவி வீட்டில் கிடையாது.

போர் போடுவதில், அதாவது தேய்ந்த பிளாக்கின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்துவதில், ஏமாறுகிறவர்கள் மிகுதி. பிளாக்கைப் பட்டறையில் கொடுத்துவிட்டு, அவர்கள் போர் போட்ட அளவுக்குப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. முதலில் பிளாக்கின் தேய்மானத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாக வருகின்றன. தேவையான அளவில் பிஸ்டனை வாங்கி அவர்கள் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கு ஏற்பப் போர் போடச் சொல்லுங்கள். 0.25இல் முடியக்கூடியதை நேராக 1.00க்குக் கொண்டுபோகும் கடைகள் உண்டு. அப்படிச் செய்தால் அடுத்தமுறை போர் போட இடமிருக்காது.

போர் போட்ட பிளாக் பளபளவென்று வரும். ஆனால் அதன் சுவரில் கண்ணுக்குத் தெரியாத உரசல் தூள் ஒட்டியிருக்கும். டீசல் அதை எடுக்காது. வெந்நீரும் துணி சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துணியை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். துணி சாம்பல் நிறமாக வரும். மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக்கூடாது. வந்ததும் ஈரத்தைத் துடைத்து உடனே ஆயில் தடவிவிடுங்கள். இந்த அரைமணி நேர வேலையைத் தவிர்த்த இன்ஜின்களே கட்டிய சில ஆயிரம் கிலோமீட்டரில் புகை தள்ளுகின்றன.

பூட்டும்போது கிராங்க்கேஸ் வாயில் பனியன் துணியைத் திணித்துவிட்டுத்தான் பிஸ்டன் பின் சர்கிளிப்பைப் பொருத்த வேண்டும். சர்கிளிப் துள்ளி உள்ளே விழுந்தால் இன்ஜினையே பிளக்க நேரும். பழைய சர்கிளிப்பை மறுபடி போடாதீர்கள். பிஸ்டன் ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே. மூன்று ரிங்கின் வாயும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது.

டைமிங், அதாவது வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்கும்படி வைப்பது: இவ்வகை இன்ஜினில் மேக்னட்டில் உள்ள டி குறி கிராங்க்கேஸ் குறிக்கு நேராக நிற்கும்போது, கேம் ஸ்பிராக்கெட்டில் உள்ள வட்டக் குறி ஹெட்டில் உள்ள பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும். செயினை மாட்டிய பிறகு ஸ்பேனரால் கிராங்கை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பவும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். எங்காவது இடித்தால் அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள். வால்வு பிஸ்டனில் முட்டுகிறது. ஹெட் நட்டுகளைக் குறுக்கு மூலைகளாக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்குங்கள். டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் திருகுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது கையேட்டு அளவுப்படி ஃபீலர் கேஜில் வையுங்கள். காதால் கேட்டு வைப்பது அனுபவக்காரர் வேலை.

ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் அதை வைத்திருப்பவர்களுக்கு இந்த வால்வுத் தொல்லை இல்லை. ஆனால் கிராங்க்கின் இருபக்க ஆயில் சீலையும் கட்டாயம் மாற்றுங்கள். சீல் வழியாகக் காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, புதுப் பிஸ்டன் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளும். புல்லட்காரர்களுக்கு ஒரே சொல்: எடை. இன்ஜினைத் தனியாளாகத் தூக்காதீர்கள்.

இன்னொன்று. கிராங்க்கேஸ் உடைந்திருந்தால் சென்னை புதுப்பேட்டையிலோ உள்ளூர் இரும்புக் கடையிலோ வேறு எண் பொறித்த கிராங்க்கேஸ் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள எண் மாறிவிடும். அது திருட்டு வண்டியுடையதாக இருந்தால் வழக்கு உங்கள் தலையில். உடைந்ததை அலுமினிய வெல்டிங்கில் சரிசெய்வதே நல்லது.

8. சேசிஸும் பெயின்ட்டும்

சேசிஸ், ஸ்டாண்டு, பின் ஃபோர்க் ஆகியவற்றுக்குப் பவுடர் கோட்டிங் நல்லது. உப்புக்காற்றைச் சாதாரண பெயின்ட்டைவிட அதிக காலம் தாங்கும். மணலடித்துத் துருவெடுத்து, சூளையில் சுட்டுத் தருவார்கள். கொடுக்கும் முன் மூன்று காரியம்.

சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் தடித்த டேப்பால் நான்கைந்து அடுக்கு மூடி, "இங்கே மணலும் படக்கூடாது, பவுடரும் படக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு வேலை செய்த பட்டறை, வாயால் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டு எண்ணின் மீதே கனமாகப் பூசித் தந்தது. பென்சில் தேய்த்தால் வெறும் கறுப்பு. பெயின்ட் உரிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒவ்வோர் எழுத்தாக மீட்டெடுக்க வேண்டியிருந்தது. மணலடித்ததில் எண்ணின் விளிம்பே மழுங்கியிருந்தால் மீட்க வழியே இருந்திருக்காது.

இரண்டாவது, பேரிங் கிண்ணங்கள், போல்ட் மரைகள், இன்ஜின் உட்காரும் இடங்களை மூடச் சொல்லுங்கள். மூன்றாவது, வெல்டிங் வேலை இருந்தால் கோட்டிங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நிறத்தை மாற்றாதீர்கள். ஆர்.சி.யில் என்ன நிறமோ அதுவே இருக்கட்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். சத்தம் போடும் சைலன்சர், அகலமான டயர், மட்கார்டு வெட்டுதல் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் சிக்கல். ஆய்வில் திருப்பி அனுப்புவார்கள்.

குரோம் பூச்சுக்கு அதிகம் செலவிடாதீர்கள். மெலிதாகப் போட்ட குரோம், தேவனாம்பட்டினம் கடற்காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நல்ல பழைய ரிம்மைப் பாலிஷ் போட்டு வைப்பது மேல்.

9. டேங்க்

உள்ளே துரு இருந்தால் பெட்ரோலை முழுவதும் வடித்து, இரண்டு நாள் திறந்து வெயிலில் வைத்து, பிறகு வினிகர் நிரப்பி ஒருநாள் ஊறவிடுங்கள். கையளவு சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு உதிரும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். வடித்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலில் உலர்த்தி, கொஞ்சம் ஆயிலை ஊற்றிச் சுழற்றிப் பூசிவிடுங்கள். இதெல்லாம் பெயின்ட்டுக்கு முன் முடிய வேண்டும். டேங்க் ஓட்டையை வெல்டிங் வைக்கச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். காலி டேங்கில் தங்கிய ஆவிதான் வெடிக்கும். அதற்கென்றே இருக்கும் பற்றாசு வேலைக்காரரிடம் தண்ணீர் நிரப்பிச் செய்யச் சொல்லலாம்.

இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டரின் ஓ-ரிங், மிதவை ஊசி எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

10. பூட்டும்போது

பேரிங்கின் விளிம்பிலேயே எண் இருக்கும். 6301 என்றால் கடைசி 01 உள்விட்டம் 12 மி.மீ. என்று பொருள். கடையில் வண்டிப் பெயரைச் சொல்வதைவிட எண்ணைச் சொல்லி வாங்குங்கள். இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகை நம் ஊர் ஈரத்துக்கு உகந்தது. ஹேண்டில் கழுத்தில் உள்ள கோன் செட்டை மாற்றாமல் பூட்டாதீர்கள். சக்கரக் கோட்டம் எடுப்பதைப் பழைய சைக்கிள் கடைக்காரரிடமே கொடுக்கலாம், அவர்கள் கை சுத்தம்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் தயாரானது. பல வருடம் கடையில் கிடந்ததை "புதுசு" என்று நீட்டுவார்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு ஹார்னும் இண்டிகேட்டரும் வேலை செய்யாவிட்டால் வயரிங்கைக் குறை சொல்லாதீர்கள். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் வயர் சேசிஸோடு சேரும் இடத்தில் பூச்சை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். ஹோண்டா வழி வண்டிகளில் பச்சை வயர் எர்த். சிவப்பு பேட்டரியிலிருந்து வருவது. கறுப்பு சாவி போட்ட பிறகு மின்சாரம் வருவது. இந்த மூன்றும் தெரிந்தால் பாதிக் கோளாறை நீங்களே பிடித்துவிடலாம்.

11. செலவு

100 சிசி வண்டிக்கு என் கணக்கேட்டிலிருந்து தோராயமாகச் சொல்கிறேன். பிஸ்டன் கிட்டும் போரும் 1,500 வரை, கிளட்ச் பிளேட், கேஸ்கெட், ஆயில் சீல் 1,200, சேசிஸ் பவுடர் கோட்டிங் 4,000, டேங்க், பக்கப் பெட்டி, மட்கார்டு பெயின்ட்டும் ஸ்டிக்கரும் 6,000, இரண்டு டயர், டியூப் 4,000, செயின் ஸ்பிராக்கெட் 1,200, வயரிங், பேட்டரி, விளக்குகள் 3,500, பேரிங், கோன் செட், கேபிள், பிரேக் லைனிங் 2,500, சீட் 1,000. கருவிகள் தனி. மொத்தம் 25,000 முதல் 35,000 ரூபாய்க்குள் அடங்கும். பாகங்களைத் தொடக்கத்திலேயே மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். பிரித்துக் கழுவிப் பார்த்த பிறகு பட்டியல் போடுங்கள். நன்றாக இருக்கும் அசல் பாகத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மட்டமான நகலைப் போட்டால் வண்டி முன்னைவிட மோசமாகும். கழற்றிய எதையும் வண்டி ஓடும்வரை பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

12. முதல் உதையும் ஆர்.டி.ஓ. சோதனையும்

ஆயில் சுமார் ஒரு லிட்டர் ஊற்றி, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு இருபது முப்பது முறை கிக்கரை உதையுங்கள். டேப்பெட் மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் மேலே வந்திருக்க வேண்டும். வந்த பிறகே பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறவிட்டு, கசிவு பாருங்கள்.

சாலைக்கு எடுக்கும் முன் காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை 2022இல் நிர்ணயித்த அடிப்படைப் பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. இல்லாமல் பிடிபட்டால் முதல்முறை அபராதமே 2,000 ரூபாய். பிறகு புகைச் சான்று. அதன்பின் படிவம் 25இல் பதிவுப் புதுப்பிப்புக்கு இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, நாள் வாங்குங்கள். பதிவு இன்னும் காலாவதியாகாத வண்டி என்றால் முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம்.

பதிவு செத்த வண்டியைச் சோதனைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு போவது பாதுகாப்பு. வழியில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பதிவில்லாததைக் காட்டிக் கைவிரிக்க இடமுண்டு. அசல் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, ஆதார் நகல், கட்டண ரசீது, பாகங்கள் வாங்கிய ரசீதுகள், முன்பு எடுத்த பென்சில் பிரதி எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஹெட்லைட் உயர்வு தாழ்வு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் நான்கும், ஹார்ன், இரு பக்கக் கண்ணாடி, எண் பலகை எழுத்தளவு ஆகியவற்றை முந்தின நாளே சரிபாருங்கள். சேசிஸ் எண் இருக்கும் இடத்தைத் துடைத்து, வயர்களை ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். ஆய்வாளர் அதைத் தேட வேண்டியிராவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். இடைத்தரகர் யாரும் தேவையில்லை. வண்டியும் தாள்களும் சரியாக இருந்தால் உங்கள் கையாலேயே முடியும் வேலை இது.

புதுப்பித்த ஆர்.சி. வந்த பிறகு முதல் 500 கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம். மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச், பாகூர் ஏரிப் பக்கம் என்று குறுகிய ஓட்டங்களாக, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் போய்வாருங்கள். 500ஆவது கிலோமீட்டரில் இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து, அதற்குள் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு ஒட்டினால் சரி, ரிங் படிந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் துணுக்குகள் வந்தால் ஓட்டுவதை நிறுத்தி, கிளட்ச் பக்க மூடியைத் திறந்து பாருங்கள். அதே நாளில் டேப்பெட், செயின் தொய்வு, ஸ்போக்குகளின் இறுக்கம் மூன்றையும் மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள்.